பூஜை அறையில் ஆள் நடமாட்டம்

திருப்பூர்,
ஆவணி 9.

மரியாதைக்குரிய சம்பந்தி அங்கமுத்து அவர்கள் சமூகத்திற்கு, கந்தவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், என் மனைவி குப்பாயி, மகன் வேல்குமார் ஆகிய மூவரும், சுவரில் மாட்டிய நான்கு கேமராக்களும் நலம். மடத்துக்குளத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் பெண் அனுசுயாவும் தோப்பில் உள்ள தென்னைகளும் நலமாக இருக்கச் சிவன்மலை முருகன் துணை இருக்கட்டும். 'சம்பந்தி' என்று எழுதலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். நிச்சயத்துக்கென்று குறித்த ஆவணி இருபத்திரண்டாம் தேதியை எங்கள் வீட்டுக் காலண்டரில் யாரும் இன்னும் கோடு போட்டு அடிக்கவில்லை. அதுவரை அப்படியே எழுதுவது என்று முடிவு செய்தேன். ஆறு நாளாகத் தாங்கள் போனை எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பலாம் என்றால், போனில் நான் எதைத் தொட்டாலும் அது எங்கே போய்ச் சேரும் என்பதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன். தாள் ஒருவரிடம்தான் போகும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குறையாகச் சொல்லவில்லை, வரிசை தவறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கேமரா என்ற பேச்சை எடுத்தவர் தாங்கள். ஆனி மாதம் வீடு பார்க்க வந்தபோது, மோரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங் சம்பந்தி, ஊட்டுக்கு முன்னாலயே ஸ்டிக்கர் பட்டறை வெச்சிருக்கறீங்க, நாள் முச்சூடும் ஆள் வந்து போற எடம். நாளைக்குப் புள்ளையக் கட்டிக் குடுக்குற ஊட்டுல ஒரு கேமரா இருந்தா எங்களுக்கும் நிம்மதிங்க. எங்களையும் அதுல சேத்துட்டீங்கன்னா அங்கிருந்தே பாத்துக்குவமுங்க" என்றீர்கள். பெண்ணைப் பெற்றவர் கேட்டு மறுப்பதா என்று அந்த வாரமே ஆள் பிடித்தேன். வந்தவர் சோணைமுத்து, மதுரைப் பக்கத்துக்காரர், கேமரா மாட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர். தங்கள் வீட்டுக்கும் சேர்த்து அவரிடமே பேசி வைத்தோம். எங்களுக்கு வாசலில் ஒன்று, பட்டறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, வெள்ளி வேல் இருப்பதால் பூஜை அறையில் ஒன்று என்று நான்கை மாட்டி முடித்தார். அன்று கிளம்பும்போது தங்கள் வீட்டுக்கு நாளைக்குப் போவதாகச் சொன்னார். ஏழு வாரமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாட்டி முடித்தவர் ஒரு தாளை நீட்டினார். அதில் சதுரமாக, கறுப்புப் புள்ளிகளாக ஒரு க்யூஆர் கோடு இருந்தது. "ஐயா, இந்தக் கட்டத்த யாரு ஸ்கேன் பண்ணுனாலும் வாட்ஸப் குரூப்புக்குள்ள வந்துருவாங்க. கேமராவுக்கு முன்னாடி ஆள் அசைஞ்சா போதும், போட்டோவும் பத்து செகண்டு வீடியோவும் குரூப்புக்கு வந்துரும். இதப் பத்திரமா வச்சுக்கங்க" என்றார். வேலை முடிந்ததற்கு அடையாளமாக அந்தத் தாளிலேயே ஒரு கையெழுத்தும் கேட்டார். போட்டேன். சட்டைப் பையில் இருந்த பேனா பச்சை மை.

இங்கே எங்கள் பட்டறை நடைமுறையைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த ஸ்டிக்கரை அடிக்க வேண்டுமோ அதன் மாதிரியில் நான் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, மெஷினுக்கு மேலே கட்டியிருக்கும் கம்பியில் க்ளிப் மாட்டித் தொங்கவிடுவேன். கம்பியில் தொங்கினால் அடிக்கலாம், தொங்காவிட்டால் அடிக்கக் கூடாது, என்னிடம் வந்து கேட்கவும் கூடாது. இருபத்தாறு வருடமாக இதில் ஒரு தவறு நடந்ததில்லை. பத்திரமான இடம் என்று சோணைமுத்து சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கம்பிதான், அதிலேயே மாட்டிவிட்டேன். அந்த வாரம் பார்த்துக் காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பனியன்காரர் (பேர் வேண்டாம், அவரும் இப்போது குரூப்பில் இருக்கிறார்) இருபதாயிரம் ஸ்டிக்கர் கேட்டிருந்தார். பனியன் பாக்கெட்டின் மேல் ஒட்டுவது. 'ஸ்கேன் செய்யுங்கள், பரிசை வெல்லுங்கள்' என்று இந்தியில் எழுதி, நடுவில் க்யூஆர் கோடு வைக்க வேண்டும். எழுத்து வந்துவிட்டது, கோடு மட்டும் வரவில்லை. எங்கள் மெஷின்காரர் இசக்கிமுத்து அதற்காகத்தான் இரண்டு நாளாகக் காத்திருந்தார். மறுநாள் காலையில் வந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறார், கம்பியில் கோடு தொங்குகிறது, பச்சைக் கையெழுத்தும் இருக்கிறது. மத்தியானத்துக்குள் இருபதாயிரத்தையும் அடித்து, எண்ணிக் கட்டி அனுப்பிவிட்டார்.

பிறகு விசாரித்தபோது, "அண்ணாச்சி, பச்சை மையில ஒங்க கையெழுத்து கெடந்துச்சுல்லா? அதுக்கு மேல நான் யார்ட்டப் போயிக் கேக்க?" என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கம், பேச்சு சற்று நேராக இருக்கும். நடைமுறைப்படி அவர் செய்தது சரி.

பனியன் காதர்பேட்டையிலிருந்து லாரி ஏறி வடக்கே போன நாட்களில் எனக்கு எதுவும் தெரியாது. ஒரு நாளைக்கு நூற்று நாற்பது எச்சரிக்கை வந்தது, அதில் நூற்றிருபது குப்பாயி, மீதி காற்றில் ஆடும் காலண்டர். சத்தத்தை நிறுத்திப் போனை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். இதற்கிடையில் ஒருநாள் சம்பந்தியம்மாள் வீட்டுப் போனில் அழைத்து, "ஏனுங்ண்ணா, உங்க சொந்தபந்தமெல்லாம் வடக்க இருக்குதுங்களா? குரூப்புல தெனம் பத்துப் பேரு சேர்றாங்க, ஒரு பேருகூட வாயில நுழைய மாட்டீங்குதுங்க" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண் வீட்டாரிடம் விளங்கவில்லை என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்று, "ஆமாங்க, தொழில் பழக்கமுங்க" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பொய்க்கும் சேர்த்து இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் வெளியே வந்தது பாலால். ஒரு காலை குப்பாயி அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பூக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். வேல்குமார் போனை இழுப்பறையிலிருந்து எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். யாரோ ஒருவர், "மாஜி, தூத் கிர் ரஹா ஹை!" என்று அலறிய குரல் பதிவு, அதன் கீழே இன்னும் பதினோரு பேர் அதையே அலறியிருந்தார்கள். எங்களில் இந்தி தெரிந்தவர் இசக்கிமுத்து ஒருவர்தான், எக்ஸ்போர்ட் கம்பெனியில் வடக்கத்தி ஆட்களோடு வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது. கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, அடுப்புல பால் பொங்கி ஊத்துதாம், அம்மாவப் போய்ப் பாக்கச் சொல்லுதாவ" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான். குரூப்பில் அன்றைக்கு நூற்றெழுபது பேர். கான்பூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுபவர், கௌஹாத்தியில் ஒரு பள்ளி வாத்தியார். எல்லோரும் பனியன் வாங்கியவர்கள். ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து குரூப்புக்குள் வந்து, எங்கள் வீட்டில் குப்பாயி வாசல் பெருக்குவதைப் பார்த்துக்கொண்டு, பரிசு எப்போது என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சோணைமுத்துவைக் கூப்பிட்டேன், குரூப்புக்கு அவர்தான் அட்மின், மூட வேண்டும் என்றால் அவர்தான் மூட வேண்டும். "நாளைக்கு வந்து பாத்துர்றேங்கய்யா" என்றார். அத்துடன் விட்டேன். அவர்கள் ஒன்றும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. கேட் திறந்து கிடந்தால் சொன்னார்கள், கொடியில் துணி நனைந்தால் சொன்னார்கள். குப்பாயி முதலில் பயந்தாள், பிறகு வாசல் பெருக்கும்போது நல்ல சேலையாகக் கட்டத் தொடங்கினாள்.

இனி ஆவணி மூன்றாம் தேதிக்கு வருகிறேன்.

நிச்சயத்துக்கு முன் பூ கேட்டுச் சொல்கிறோம் என்று தங்களிடம் சொல்லியிருந்தேன். முறை தங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வாழையிலைத் துண்டில் ஒன்று போலவே மடித்து வேலின் முன் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். ஒரு தடவைதான் கேட்பது. நான் குழந்தை எதையும் கூப்பிடவில்லை. குப்பாயியையும் பால் வாங்க அனுப்பிவிட்டேன். ஏன் என்று தங்களுக்கே தெரியும். கேமரா இருப்பது தெரியாது என்று சொல்ல மாட்டேன், தெரியும். ப்ளக்கைப் பிடுங்கினால் அதோடு சேர்ந்து சாமி விளக்கும் அணைந்துவிடும், பூ கேட்கும் நேரத்தில் விளக்கை அணைப்பது நன்றாக இருக்காது. அதனால் கொடியில் கிடந்த புதுப் பனியன் ஒன்றை எடுத்துக் கேமராவின் மேல் போர்த்தினேன். மேற்படி காதர்பேட்டைக்காரர் மாதிரிக்குக் கொடுத்த பனியன். அதன் வழியாக எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. துணியின் தரம் என்ன என்பது இப்போது வட இந்தியாவில் பலருக்குத் தெரியும்.

காலை ஆறு பத்துக்கு எடுத்தேன். சிவப்பு. ஆறு பதினான்குக்கு மறுபடி மடித்து வைத்து எடுத்தேன். சிவப்பு. ஆறு பத்தொன்பதுக்கு எடுத்தேன். வெள்ளை. ஏழு மணிக்குத் தங்களை அழைத்து, "வெள்ளை வந்துருச்சுங்க" என்று சொன்னேன். தாங்களும், "அப்படிங்களா, ரொம்ப சந்தோசமுங்க" என்றீர்கள். ஏழு முப்பதுக்குத் தங்கள் ஊரில் நெட் வந்திருக்க வேண்டும். 'பூஜை அறையில் ஆள் நடமாட்டம்' என்று மூன்று எச்சரிக்கை, மூன்று வீடியோ, ஒவ்வொன்றிலும் சட்டையில்லாமல் நான். அத்துடன் போயிருந்தாலும் பரவாயில்லை. வாரக்கணக்கில் பரிசுக்குக் காத்திருந்தவர்கள் அதைப் பரிசுக் குலுக்கல் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் சாமி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பொட்டலம் எடுக்கிறார் என்றால் அவர்களும் வேறு எதை நினைப்பார்கள்? மூன்றாவது பொட்டலத்துக்கு ராஞ்சிக்காரர் கைதட்டல் அனுப்பினார். கான்பூர்க்காரர், "முதல் பரிசு யாருக்கு?" என்று கேட்டார். வாழ்த்துகளுக்கு நடுவில் ஏழு நாற்பத்திரண்டுக்குத் தாங்கள் வெளியேறினீர்கள் என்று வந்தது. பிறகு சம்பந்தியம்மாள். பிறகு தங்கள் வீட்டார் ஏழு பேர், வரிசையாக.

என் பக்க நியாயத்தைச் சொல்கிறேன், ஏற்பதும் தள்ளுவதும் தங்கள் விருப்பம். பனியன் தொழிலில் ஒரு பீஸைப் பார்த்து மொத்த லாட்டையும் ரிஜெக்ட் செய்வதில்லை, மூன்று பீஸாவது எடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன். ஆனால் மூன்றில் இரண்டு சிவப்பு என்றால் தொழில்முறைப்படி பார்த்தாலும் லாட் ஃபெயில்தான், அதனால் இந்த நியாயத்தை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்னொன்று, செவ்வரளி முருகனுக்கு உகந்த பூ, தனக்குப் பிடித்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் வேண்டாம் என்றா சொல்வார் என்று இரண்டாவது தடவை யோசித்தேன். இதைக் குப்பாயியிடம் சொன்னேன். அவள், "வெள்ளை வந்தப்ப மட்டும் எதுக்குங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டாள்.

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டும். தங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அனுசுயா காப்பித் தட்டோடு குனிந்தபோது எனக்கு மட்டும் கேட்கும்படி, "மாமா, சட்டை முதுகுல சைஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதுங்க. திரும்பாம அப்படியே உக்காந்திருங்க, டம்ளர் எடுக்க வர்றப்ப நான் எடுத்தர்றனுங்க" என்றாள். அப்படியே எடுத்தாள். யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கர் அடித்தே பிழைக்கிறவன் முதுகில் ஸ்டிக்கரோடு சம்பந்தம் பேச வந்ததை அவள் சிரித்துச் சொல்லியிருக்கலாம், ஊரே சிரித்திருக்கும். பார்த்ததை உரியவரிடம் மட்டும் சொல்லத் தெரிந்த பெண் அவள். நான்கு கேமரா மாட்டியும் எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அந்த ஸ்டிக்கர் என் டைரியில் இருக்கிறது. அன்று திரும்பும் வழியில் வேல்குமார் காரில் பாட்டுப் போட்டான். முப்பத்திரண்டு வயது, நான்கு வருடமாகப் பெண் தேடுகிறோம், ஒருநாளும் போட்டதில்லை. ஆறு நாளாக மறுபடி பாட்டு இல்லை. முதல் பொட்டலம் சிவப்பாக வந்தபோது, பூவைப் பார்த்த உடனே அதை மறுபடி மடித்துவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் மடித்தேன்.

எனவே ஒன்று கேட்கிறேன். வருகிற கிருத்திகை அன்று சிவன்மலைக்கு இரண்டு வீட்டாரும் போவோம். பொட்டலத்தைத் தாங்களே மடியுங்கள், எடுக்கும் குழந்தையையும் தாங்களே பார்த்துக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு தடவை. சிவப்பு வந்தால் நான் ஒன்றும் பேசாமல் படி இறங்கிவிடுவேன், காலண்டரில் இருபத்திரண்டாம் தேதியையும் நானே அடித்துவிடுவேன். நான்கு கேமராக்களையும் நாளையே கழற்றிவிடுகிறேன், அதற்குச் சோணைமுத்து வேண்டியதில்லை, சுத்தியல் இருக்கிறது. தங்கள் வீட்டுக்கு அவர் வந்தால் தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் எங்கள் வணக்கம். அனுசுயாவுக்கு எங்கள் ஆசி, எந்த முடிவானாலும் அது அவளுக்கு உண்டு. தோப்பில் இந்த வருடமாவது காய்ப்பு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
கந்தவேல்.

பி.கு.: உறையில் பசை தடவும்போது குப்பாயி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஏனுங், இது நம்ம பூசை ரூம் இல்லீங்களே. இந்தப் பச்சைத் துண்டு யாருதுன்னு பாருங்க" என்றாள். 'பூஜை அறையில் ஆள் நடமாட்டம்', இன்று காலை ஐந்து ஐம்பது. பார்த்தேன். தாங்கள். சோணைமுத்துவை அழைத்துக் கேட்டால், "முந்தாநேத்து மடத்துக்குளத்துல மாட்டிட்டேங்கய்யா. அவுகதான் ஏற்கெனவே குரூப்புல இருக்காகளே, புதுசா எதுக்குன்னு அதுலயே சேத்து விட்டுட்டேன்" என்கிறார். தாங்கள் வெளியேறியது அவருக்குத் தெரியாது. தங்களுக்கு எச்சரிக்கை வராததால் கேமரா இன்னும் ஓடவில்லை என்று நினைத்திருப்பீர்கள். ஓடுகிறது. படம் எங்களுடையதைவிடத் தெளிவு, மேலே பனியன் இல்லாததால்.

ஐந்து ஐம்பதுக்குச் சிவப்பு. ஐந்து ஐம்பத்தைந்துக்குச் சிவப்பு. ஆறு மணிக்குச் சிவப்பு. ஆறு நான்குக்குச் சிவப்பு. ஆறு ஒன்பதுக்கு வெள்ளை. அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு தாங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தப் பத்து விநாடியை நானும் குப்பாயியும் மூன்று தடவை பார்த்தோம். அவள் அழுதாள். நான் பட்டறைக்குப் போய்விட்டு வந்தேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடவும். சிவன்மலைக்குப் போவோம், கும்பிட மட்டும். இரண்டு வீட்டிலும் சேர்த்து எட்டுப் பொட்டலம், அதில் ஆறு சிவப்பு, இதற்கு மேல் அவரைக் கேட்காமல் இருப்பதே நல்லது. கேமரா இருக்கட்டும். குரூப்பில் திரும்பச் சேர்வதற்கு ஸ்டிக்கர் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். வேல்குமார் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான், பாட்டு ஓடுகிறது. கான்பூர்க்காரர் இரண்டாவது பரிசும் விழுந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். விழுந்துவிட்டது, இரண்டும் ஒரே குடும்பத்துக்கு என்று இசக்கிமுத்துவை விட்டுப் பதில் போடச் சொல்லிவிட்டேன்.